மலைச் சபையோடு குடும்பமாக வாழப் போகிறவர்களுக்கு: கொங்கு மலைக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கொங்கு நாட்டு மலைகளுக்கு ஊழியக் குடும்பங்கள் வருவது புதிதல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய நாள் முதலே, தமிழ்ச் சபைகள் தங்கள் பிள்ளைகளைத் தூரத்து ஊர்களுக்கு அனுப்பி வருகின்றன. இன்றும் கொல்லிமலை, பர்கூர், கடம்பூர், தாளவாடி என்று பணித்தளம் குறிக்கப்பட்டு, கைக்குழந்தையோடும் இரண்டு இரும்புப் பெட்டியோடும் மலை ஏறும் இளம் தம்பதிகளைப் பார்க்கிறேன். வேதாகமத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் போகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சபை ஏற்கெனவே இருக்கிறது. இருபது குடும்பங்கள் இருக்கலாம். தகரக் கூரை இருக்கலாம். மாதம் ஒருமுறை மட்டும் ஆயர் வந்து திருவிருந்து நடத்துவதாக இருக்கலாம். ஆனாலும் அது சபைதான். பஞ்சத்தையும் காய்ச்சலையும் ஊர்ப்பகையையும் தாண்டி நின்ற சபை. அதற்கு நீங்கள் கற்பிக்கப் போவதைவிட, அதனிடம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

படி 1: போவதற்கு முன் கேட்க வேண்டியவை

உங்களை அனுப்பும் சங்கம் அழைத்தது போதாது. அந்த ஊர்ச் சபை மூப்பர்கள் உங்களை வரச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்காமல் ஒரு குடும்பத்தை அவர்கள் தலையில் இறக்கி வைத்தால், மரியாதைக்காக ஏற்றுக்கொள்வார்களே தவிர மனம் திறக்க மாட்டார்கள். அதனால் முதலில் கணவனும் மனைவியும் மட்டும் போய் ஒரு மூப்பர் வீட்டில் தங்குங்கள். ஒருமுறை ஐப்பசி மழையிலும், ஒருமுறை சித்திரை வெயிலிலும் போவது நல்லது. ஐப்பசியில் பாதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதும், சித்திரையில் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மூப்பர்களிடம் கீழ்க்கண்டவற்றை நேராகக் கேளுங்கள்.

- இதற்கு முன் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்?
- ஆலயம் நிற்கும் இடம் யார் பெயரில் இருக்கிறது? பட்டாவா, புறம்போக்கா, வன நிலமா?
- அடக்கம் செய்ய இடம் உண்டா? அங்கே போகும் வழி யார் நிலத்தின் ஊடே போகிறது?
- ஊர் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) வரி கேட்கும்போது சபையார் என்ன செய்கிறார்கள்?
- சபைக்குள் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் எவை?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. கேட்டு வைத்தாலே போதும். பின்னால் யாராவது ஒரு அம்மா, களை எடுக்கும்போது சொல்லிவிடுவார்.

எல்லா மலையும் ஒரே மலை அல்ல. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். தாளவாடியிலும் பர்கூரின் பல ஊர்களிலும் கன்னடம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சோளகர், ஊராளி, இருளர் மக்களுக்குத் தங்களுக்கென்று மொழி இருக்கிறது. உங்களுக்காகத் தமிழில் பேசுவார்களே தவிர ஜெபிக்கும்போது தமிழ் அவர்கள் நாவில் இயல்பாக வராது. கன்னடம் தேவைப்படும் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், மலை ஏறும் முன்பே பேச்சுக் கன்னடம் தொடங்கிவிடுங்கள்.

சத்தியமங்கலம் வனப்பகுதி 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போகவும் தங்கவும் வனத்துறையின் விதிகள் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கைக்குழந்தை உள்ள குடும்பம் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, இரவில் காய்ச்சல் வந்தால் மலைமேலேயே எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

படி 2: வீடு

சபையார் வாழும் தெருவிலேயே வீடு பிடியுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொங்குச் சமவெளிக் கிராமங்களில் இது இன்னும் கூர்மையான விஷயம். அங்கே வளவு வளவாக (குடியிருப்புக் குடியிருப்பாக) சாதி பிரிந்து கிடக்கிறது. பல சபைகள் ஆதிதிராவிடர், அருந்ததியர் குடியிருப்புகளில் இருக்கின்றன. ஊழியக் குடும்பம் தண்ணீர் வசதி, கழிப்பறை வசதி என்று காரணம் சொல்லி மேல்தெருவில் வாடகைக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலனிக்கு நடந்து வந்தால், அந்த நடையே ஒரு பிரசங்கமாகிவிடும். அதைக் கேட்ட மக்கள் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நிச்சயம் கேட்பார்கள். சுற்றி வளைக்காமல், "எங்களுக்குச் சாதி வேண்டாம் என்று விட்டுவிட்டோம்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே எவர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று ஊர் எதிர்பார்க்கிறதோ அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சொன்ன பதிலை விட அந்தச் சாப்பாடுதான் நிலைக்கும்.

மலையில் வீடு எடுக்கும்போது மற்ற வீடுகளின் அளவுக்கு மேல் வேண்டாம். சுற்றுச்சுவர் வேண்டவே வேண்டாம். கழிப்பறை இல்லாத வீடு என்றால், சொந்தக்காரரிடம் பேசி முதல் மாதத்திலேயே கட்டிவிடுங்கள். இது ஆடம்பரம் அல்ல, மனைவிக்கும் மகளுக்கும் பாதுகாப்பு. எரிவாயு உருளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விறகு அடுப்பும் ஒன்று இருக்கட்டும். மழைக்காலத்தில் உருளை வண்டி வராத வாரங்கள் உண்டு. யானை நடமாட்டம் உள்ள ஊரில் பலாப்பழத்தையும் உப்பு மூட்டையையும் வெளித்திண்ணையில் வைக்காதீர்கள்.

படி 3: முதல் வாரங்களில் யாரைப் பார்ப்பது

முதலில் சபை மூப்பரை அழைத்துக்கொண்டு ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பாருங்கள். நீங்களாகப் போகக் கூடாது. உங்களை அறிமுகம் செய்யும் உரிமை மூப்பருக்கே. பிறகு பள்ளித் தலைமையாசிரியர், துணை சுகாதார நிலையச் செவிலியர், ஊராட்சித் தலைவர், ரேஷன் கடைக்காரர், கோயில் பூசாரி. பூசாரியைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று எல்லோரிடமும் ஒன்றையே சொல்லுங்கள். ஊழியம் செய்ய வந்தவர் வியாபாரம் செய்ய வந்ததாகச் சொல்லிக்கொள்வது பொய். அந்தப் பொய் வெளிப்படும் நாளில் அடி வாங்குவது நீங்கள் அல்ல, சபை. மத நம்பிக்கையைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உரிமை தருகிறது. 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வற்புறுத்துவதற்கும் ஆசை காட்டுவதற்கும் இடமும் இல்லை.

சில இடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார்கள். எந்த இடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பேச்சில் "ங்க" சேர்த்துப் பேசுவது கொங்கு நாட்டின் உயிர். சிறுவனிடம் கூட மரியாதையாகப் பேசும் ஊர் இது. நெல்லைப் பக்கத்து வேகமும் உரிமையான "லே"யும் இங்கே கோபமாகக் காதில் விழும். பிள்ளைகள் தெருப் பெரியவர்களை அப்பச்சி, அம்மாயி, அப்பாரு, அப்பத்தா என்று அழைக்கப் பழகட்டும். யாரை எப்படி அழைப்பது என்பதைச் சபைப் பெண்களே சொல்லித் தருவார்கள், ஏனென்றால் அப்படி அழைத்த பிறகு உங்கள் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை.

படி 4: அடுப்பும் காடும்

மலைச் சபையின் உண்மையான வகுப்பறை இது. இங்கே அவசரப்படாமல் இருங்கள்.

ராகிக் களியில் தொடங்குங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் நடுவில் ஒரு குழி மட்டும் இட்டு வேக விடுவார்கள். மாவின் பச்சை வாசனை மாறியதும் பானையை இறக்கி, கால்களுக்கு இடையே கவைக்கோலால் (கவட்டைக் கம்பால்) இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார்கள். கட்டி இல்லாமல் வர வேண்டும். புதிதாகக் கிண்டுகிறவருக்குத் தோள்பட்டை வலிக்கும். பிறகு ஈரமான தட்டில் கவிழ்த்து, கையை நீரில் தொட்டுத் தொட்டு உருட்டி வைப்பார்கள். கிள்ளி, கீரைக் கடைசலிலோ கொள்ளு ரசத்திலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். இதைப் பக்கத்து வீட்டு அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்துதான் கற்க முடியும். அந்த அடுப்படியில்தான் மகன் கீழ்நாட்டு மில்லுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத கதையும், மருமகள் பேசாமல் இருக்கும் காரணமும் வெளிவரும். எந்த வீட்டு ஜெபக்கூட்டத்திலும் இவ்வளவு வெளிவராது. அடுப்படிக்குக் கணவன் போக முடியாது; ஆகவே ஊழியத்தின் முதல் வாசலைத் திறக்கிறவர் மனைவிதான் என்பதை அனுப்பும் சங்கங்கள் இன்னும் சரியாக உணரவில்லை. கணவனுக்கு மட்டும் சம்பளமும் பட்டமும் கொடுத்து, மனைவியைக் கூட வருகிறவராக மட்டும் கணக்கில் வைப்பது அநியாயம்.

கணவன் காட்டுக்குப் போகட்டும். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஒரு காலத்தில் நிறைந்திருந்தன. இன்று மரவள்ளி வந்து, கிழங்கெல்லாம் கீழே சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு லாரி ஏறுகிறது. மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை எல்லாம் விலையைப் பொறுத்து வீட்டைத் தூக்கும், இறக்கும். எந்த மாதம் விதைப்பு, எந்த மாதம் மிளகு பறிப்பு, எந்த மாதம் கையில் காசே இருக்காது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாமல் கூட்டம் வைத்தால், மிளகு பறிக்கும் வாரத்தில் மூன்று நாள் சிறப்புக் கூட்டம் அறிவித்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று ஜெபக்குறிப்பு எழுத வேண்டி வரும். மக்கள் விசுவாசத்தில் குறைந்துவிடவில்லை. மிளகு உதிர்வதற்குள் பறிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உடலுழைப்பில் உங்களால் அவர்களுக்குச் சமமாக முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது எவ்வளவு கடினம் என்பது ஒரு முறை உலக்கை பிடித்தால் தெரியும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பிடியரிசிக் காணிக்கைப் பெட்டியில் விழும் ஒரு கைப்பிடிச் சாமையை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

படி 5: ஆலயத்தில் முதல் ஆண்டு

பாயில் உட்காருங்கள். மேடைக்குப் பக்கத்து நாற்காலி வேண்டாம்.

மூப்பரோ உபதேசியாரோ ஆராதனை நடத்தட்டும். கேட்டால் மட்டும் வேதபாடம் வாசியுங்கள், கேட்டால் மட்டும் பிரசங்கியுங்கள். ஆராதனை தாமதமாகத் தொடங்கினாலும், காணிக்கையாக வந்த கோழியும் பலாப்பழமும் ஏலம் போக நேரமானாலும், நீங்கள் ஒழுங்குபடுத்தப் புகாதீர்கள். அந்த ஏலத்தில்தான் ஊர் சிரித்துப் பேசுகிறது; அந்தப் பணத்தில்தான் ஆலயக் கூரை ஓட்டை அடைபடுகிறது.

பாட்டு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கீபோர்டையும் டிரம்ஸ் பெட்டியையும் கொண்டு வராதீர்கள். மலை மக்களுக்குத் தங்கள் தாளம் இருக்கிறது, தங்கள் தப்பட்டையும் குழலும் இருக்கின்றன. ஈரோட்டில் ஊழியம் செய்த இலண்டன் மிஷன் போதகர் எச்.ஏ. பாப்லி, நூறு ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்திய இசையை முறையாகக் கற்று, 1921இல் இந்திய இசையைப் பற்றி நூலே வெளியிட்டார். தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடி, பாட்டும் கதையுமாகச் சொல்லும் கதாகாலட்சேப முறையில் சுவிசேஷம் சொன்னார். ஓர் ஆங்கிலேயர் அவ்வளவு உழைத்திருக்கிறார் என்றால், தமிழரான நாம் மலைப் பாட்டின் மெட்டைக் கற்காமல் நகரத்து ஒலிப்பதிவுப் பாடல்களைக் கைபேசியில் போட்டுப் பாடச் சொல்வது வெட்கக்கேடு. சபையில் பாடத் தெரிந்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ கண்டுபிடியுங்கள். அவர் பாடட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு பெரிய வேலை, சபையின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது. முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், என்ன நெருக்கடியில் வந்தார், எந்த ஆண்டு ஆலயம் எழும்பியது, யார் கல் சுமந்தார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். கொல்லிமலைக்கு இந்த வரலாறு நீளமானது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் 1913இல் திருமணமாகி, சேந்தமங்கலத்திலிருந்து மலை ஏறிக் குடியேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று கால்நடைதான், அல்லது டோலி. பள்ளிகள் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பழமரம் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளிகளின் காலிலிருந்து மெல்லச் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், அது குடிநீரால் வருகிறது என்பதை எடுத்துச் சொல்லி, கிணறுகளைக் காக்கச் சுவர் எழுப்ப வைத்தார் ஜெஸ்ஸி. இந்தியாவே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2000இல்தான் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு செய்தும் பல ஆண்டுகள் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஒரு பூசாரி, கொள்ளைக் காய்ச்சலில் சாகும் தறுவாயில், தன் குழந்தையை இந்தத் தம்பதியிடம் ஒப்படைத்த பிறகுதான் மக்கள் மனம் திரும்பிப் பார்த்தது. ஆண்டறிக்கையில் எண்ணிக்கை கேட்கும் சங்கச் செயலாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

படி 6: நோம்பி, வரி, கல்யாணம், சாவு

மிகக் கடினமான பகுதி இது. எந்தப் பயிற்சியிலும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி விதிப்பார்கள். சபைக் குடும்பம் கொடுப்பதா, மறுப்பதா? நீங்கள் வேதவசனத்தோடு தீர்ப்புச் சொல்ல முந்தாதீர்கள். பெரும்பாலும் சபையார் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருப்பார்கள். பூசைச் செலவுக்குக் கொடுக்காமல், பாதை போடவும் கிணறு தூர்வாரவும் தங்கள் பங்கை அதே நாளில் கொடுப்பார்கள். அல்லது ஊர்ச் சமையலுக்கு விறகு வெட்டிக் கொடுப்பார்கள். அந்த ஏற்பாட்டின் பின்னால் எத்தனையோ இரவுப் பேச்சும் கண்ணீரும் இருக்கிறது. புதிதாக வந்தவர் "இது சமரசம்" என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டால், தண்ணீர்க் குழாயடியில் திங்கட்கிழமை அதை அனுபவிக்கப் போகிறவர்கள் சபைப் பெண்கள். உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் மூப்பர்களிடம் தனியே பேசுங்கள். முடிவு அவர்களுடையது.

சாவு வீட்டுக்கு உடனே போங்கள். மதம் பார்க்காமல் எல்லாச் சாவுக்கும் போங்கள். கூட்டத்தோடு உட்காருங்கள், பெண்கள் பக்கம் மனைவி உட்காரட்டும், குழி வெட்டுகிறவர்களோடு கணவன் மண் அள்ளட்டும். சபையில் ஒருவர் இறந்தால், உறவினர் பாதிப் பேர் மற்ற நம்பிக்கையினர் என்பதை மனத்தில் வைத்துச் சுருக்கமாக ஜெபியுங்கள். சாவு வீட்டை மனமாற்றக் கூட்டமாக ஆக்குவது கொடுமை. கல்லறை இடம் எழுத்தில் இல்லாவிட்டால், யாரும் சாகாத அமைதியான காலத்திலேயே ஊராட்சி, வட்டாட்சியர் வழியாகச் சபை மூப்பர்கள் மனுக் கொடுக்கத் துணை நில்லுங்கள். பிணத்தைக் கிடத்திக்கொண்டு இடத்துக்குச் சண்டை போடும் நிலை எந்தச் சபைக்கும் வரக் கூடாது.

ஞானஸ்நானத்துக்கு முன் சாதிச் சான்றிதழைப் பற்றியும் தெளிவாகப் பேச வேண்டும். பழங்குடியினருக்கு மதம் மாறினால் பட்டியல் உரிமை போவதில்லை. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகளுக்கோ அந்தச் சான்றிதழே நெடுங்காலக் கோரிக்கை. சமவெளியில் நிலை வேறு. பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஆதிதிராவிடர், அருந்ததியர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். ஒரு பெண்ணின் கல்லூரி இடமும் ஒரு குடும்பத்தின் வீட்டுமனையும் இதில் அடங்கியிருக்கின்றன. இந்த விலையை மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பது ஏமாற்று. தெரிந்தே கொடுக்க முன்வருகிறவரின் விசுவாசத்தின் முன் நாம் தலைவணங்க வேண்டும். தயங்குகிறவரைக் கோழை என்று பேசக் கூடாது.

படி 7: பிள்ளைகள்

தொடக்கப்பள்ளி வரை ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியோ ஊராட்சிப் பள்ளியோ, எது அருகில் இருக்கிறதோ அதில். உங்கள் பிள்ளை அதே சத்துணவைச் சாப்பிட்டு, அதே வரிசையில் நின்றால், பள்ளிக்கு ஆசிரியர் வராத நாள் உங்கள் பிரச்சினையாகவும் ஆகிவிடும். அப்போதுதான் மற்ற பெற்றோரோடு சேர்ந்து அதைக் கேட்கப் போவீர்கள். மாலையில் வீட்டில் அரை மணி நேரம் கூடுதலாகச் சொல்லிக் கொடுங்கள். தெருப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரட்டும்.

மேல்வகுப்பு வந்ததும் விடுதிப் பேச்சு எழும். பிராண்ட் தம்பதியின் பிள்ளைகள் பாலும் கோனியும் 1923இல் இங்கிலாந்தில் படிக்க விடப்பட்டார்கள். பால் அப்போது ஒன்பது வயதுச் சிறுவன். 1929இல் கொல்லிமலையில் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். மகன் தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை. அந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அவர் சிறந்த மனிதரானார் என்பதற்காக அந்தப் பிரிவு சரியாகிவிடாது. இன்று நமக்கு பஸ் இருக்கிறது, கைபேசி இருக்கிறது. பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும் என்றால், வாரக் கடைசியில் வந்து போகும் தூரத்தில் நாமக்கல், ராசிபுரம், அந்தியூர், சத்தியமங்கலம் போன்ற ஊரில் சேருங்கள். முடியாவிட்டால் பணித்தளம் மாற்றிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது விசுவாசக் குறைவல்ல.

படி 8: உடல்நலம், பணம், விருந்தினர்

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை. உடம்பில் கருகிய புண் போல உண்ணி கடித்த தழும்பு இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சல் மலையடிவாரங்களில் உண்டு. பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்கு. நோயாளிக்காக ஜெபியுங்கள், அதே மூச்சில் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் வலிப்புக்கும் காசநோய்க்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரையும் ஆலய மேடையில் ஏற்றாதீர்கள்.

கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். அவசர மருத்துவச் செலவுக்கு மட்டும் மூப்பர்கள் வழியாகக் கொடுங்கள். ஊரில் நிலம் வாங்காதீர்கள், உங்கள் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ. பழங்குடி மக்களின் நிலம் அவர்கள் கையை விட்டுப் போன கதைகள் ஒவ்வொரு மலையிலும் உண்டு. அதில் ஊழியத்தின் பெயரும் சேர வேண்டாம்.

நகரத்துச் சபைகள் கோடை விடுமுறையில் வேன் பிடித்து வர ஆசைப்படும். பழைய துணி மூட்டையோடு வருவார்கள், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து பிஸ்கட் கொடுத்துப் படம் எடுப்பார்கள். இதை மென்மையாக ஆனால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். வருகிறவர்கள் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். சபை சமைத்ததைச் சாப்பிட்டு, சபை பாடுவதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். பிள்ளைகளின் படம் பெற்றோர் அனுமதி இல்லாமல் எங்கும் போகக் கூடாது. வெளிநாட்டு விருந்தினர் சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கிப்பது விதிமீறல்; அவர் விமானம் ஏறிப் போய்விடுவார், காவல் நிலையத்துக்கு நடப்பவர் மூப்பராக இருப்பார்.

உங்களுக்கு ஓய்வும் வேண்டும். மாதம் ஒருமுறை மலை இறங்கி, ஒரு நாள் யாருக்கும் ஊழியராக இல்லாமல் குடும்பமாக இருங்கள். மனைவிக்குத் தாய்வீடு போக ஆண்டில் குறைந்தது இரண்டு பயணத்துக்கான செலவைச் சங்கத்திடம் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 9: விடைபெறுவது

வந்த நாளிலேயே போகும் நாளுக்கு ஆயத்தம் தொடங்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஓய்வுநாள் பாடசாலையை ஊர் இளம்பெண் ஒருவரிடமும், கணக்கு நோட்டை ஊர் இளைஞர் ஒருவரிடமும் கொடுத்துப் பழக்குங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எப்போதும் மூப்பர் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும், உங்கள் வீட்டில் அல்ல. நீங்கள் கேட்டு எழுதிய சபை வரலாற்றையும் பாட்டு நோட்டையும் படி எடுத்து, மூலத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கணவரை இழந்த எவலின் பிராண்ட், ஓய்வு பெறும் வயதில், சங்கத்தின் பணியிலிருந்து விலகித் தன் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே திரும்பினார். மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல் 95 வயதில் இறந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது, வாய்க்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகும். அப்படிப் போகும்போது மே மாதத்தில் போங்கள். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழும் ரேஷன் அட்டை முகவரியும் சிக்கலில்லாமல் மாறும். வீட்டுச் சாமான்களை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், மனத்தாங்கல் வரும். மூப்பர்களிடம் ஒப்படைத்து, ஞாயிறு ஏலத்தில் விடச் சொல்லுங்கள். அடுத்து வரும் குடும்பத்துக்கு உங்கள் பயிர் நோட்டை மட்டும் கொடுங்கள். யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். அதை அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து தாங்களே கேட்டுக்கொள்வார்கள்.